தாவூது மச்சானின் ஐஸ்கிரீம் கடை

ஆறு வருஷமாக அந்தச் சந்துப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்காத தாவூது, ஒரு வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்த கையோடு பிளஷர் காரில் வந்து இறங்கினான். சாபிரா அப்போது உள்ளே உட்கார்ந்து முட்டை உடைத்து மஞ்சள் கருவைத் தனியே பிரித்துக்கொண்டிருந்தாள். கடைக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு சீட்டித் துணித் திரைதான். அதன் ஓரமாக அவள் கண்ணில் முதலில் பட்டது அவனுடைய பூட்ஸ். வாசல் சாக்கடையைத் தாண்ட அவன் பட்ட பாட்டைப் பார்த்தால், ஏதோ கடலையே தாண்டுகிற மாதிரி இருந்தது.

"சௌக்கத்து! டேய், உள்ள இருக்கியா?"

திரைக்கு இந்தப் பக்கம் மரத்தொட்டிமேல் குனிந்து கைப்பிடியைச் சுற்றிக்கொண்டிருந்த சௌக்கத் அலி, போட்டது போட்டபடி எழுந்து லுங்கியில் கையைத் துடைத்துக்கொண்டு ஓடினான். பாதியில் சுற்றுவதை விட்டால் பால் கட்டி தட்டிப்போகும், வாயில் வைத்தால் மணல் மாதிரி நறநறக்கும். ஊருக்கெல்லாம் இதைச் சொல்லுகிறவன் அவன்தான். சாபிரா முட்டையை ஒதுக்கி வைத்துவிட்டுத் தானே கைப்பிடியைப் பிடித்தாள். வெளியே புருஷன் குழைவது காதில் விழுந்தது.

"அண்ணே! வாங்கண்ணே! இப்பத்தான் வழி தெரிஞ்சுதா? குந்துங்கண்ணே!"

சாபிரா கைப்பிடியை இன்னும் வேகமாகச் சுற்றினாள்.

தாவூது சௌக்கத் அலியின் பெரியம்மா மகன். பெரியமேட்டில் தோல் மண்டி, மண்ணடியில் மாடி வீடு. சாபிரா வாயால் கூப்பிடும்போது மச்சான். மனசுக்குள் அவன், இவன்தான். அதற்குக் காரணம் இருந்தது.

யுத்தக் காலத்தில் சௌக்கத் அலி பெங்களூரில், இத்தாலிக்காரச் சிப்பாய்களைச் சிறை வைத்திருந்த முகாமில், சமையல் கொட்டகைக்குச் சாமான் தூக்கிப்போடும் வேலையில் இருந்தான். அந்தக் கைதிகளில் ஒருவன், ஊரில் அப்பன் பாட்டன் காலத்திலிருந்து ஐஸ்கிரீம் கடை வைத்திருந்த வீட்டுப் பிள்ளை. பொழுது போகாமல் அவன் கற்றுக்கொடுக்க, இவனும் ஆசையாகக் கற்றுக்கொண்டான். யுத்தம் முடிந்து ராயபுரத்துக்குத் திரும்பி வந்தபோது கையில் இருந்தது அந்த வித்தையும் பத்துப் பதினைந்து இத்தாலி வார்த்தைகளும்தான். வீட்டு முன்னறையை இடித்துக் கடையாக்கி, 'ரோஷன் இத்தாலி ஐஸ்கிரீம்' என்று போர்டு மாட்டினான். பால் காய்ச்சுவது, முட்டை அடிப்பது, எலுமிச்சைத் தோல் சீவுவது எல்லாம் சாபிரா. சுற்றுவது சௌக்கத் அலி. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கிண்ணம் கழுவி அடுக்குவது அவன் தங்கை சபீஹா. ஹார்பர்க்காரர்களும் ரயில்வேக்காரர்களும் சர்ச்சு முடிந்து வருகிறவர்களுமாகக் கடை நன்றாகவே ஓடியது.

கடை திறந்த வருஷம் சொந்தத்தில் ஒரு விருந்து. நடுப்பந்தியில் உட்கார்ந்துகொண்டு தாவூது எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னான்: "நம்ம வம்சத்துல யாவாரி இருந்தான், ஆலிம் இருந்தான். இப்ப ஐஸ்காரன் ஒருத்தனும் வந்துட்டான்." எல்லாரும் சிரித்தார்கள். சௌக்கத் அலியும் சேர்ந்து சிரித்தான். அதோடு விட்டிருந்தால்கூடப் போகிறது. சபீஹாவுக்கு வண்ணாரப்பேட்டையில் ஒரு நல்ல இடம் பேசி முடிகிற நேரத்தில், மாப்பிள்ளை வீட்டார், தாவூது பெரிய மனிதன் என்று அவனிடம் விசாரிக்கப் போனார்கள். "ஐஸ்காரன் தங்கச்சிதானே, உங்க இஷ்டம்" என்றானாம். அத்தோடு அந்தப் பேச்சு நின்றது. சபீஹா அழவில்லை, மேலே படித்து, பெண்கள் பள்ளிக்கூடத்தில் டீச்சராகிவிட்டாள். "அண்ணன் வேணும்னு சொல்லியிருக்க மாட்டாரு" என்று சௌக்கத் அலி மட்டும் இன்னும் சொல்லிக்கொண்டிருந்தான்.

அந்தத் தாவூதுதான் இப்போது கடைக்குள் நின்று, உட்காருவதற்கு முன்னால் கைக்குட்டையால் நாற்காலியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"விசயம் இதுதான்," என்றான். "எங்ககிட்ட தோல் வாங்குற இத்தாலிக்கார துரை ஒருத்தர் வந்திருக்கார். ஹார்பருக்குப் போற வழியில உன் போர்டைப் பார்த்துட்டார். அவங்க ஊர் பேரு இங்க எப்படி வந்துச்சுன்னு ஒரே ஆச்சரியம். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அழைச்சுகிட்டு வர்றேன்."

"தாராளமா வாங்கண்ணே! எங்க கடைக்கு..."

"இரு, அவசரப்படாதே. இந்தக் கோலத்துல வரமுடியுமா? சுவத்துக்கு வெள்ளை அடி. வெளியே கிடக்கிற அந்த பெஞ்சை எடுத்துடு, கூலிக்காரனுங்க குந்துறது. அன்னிக்கு வேற ஆளை உள்ளே விடாதே. நீ லுங்கியோட நிக்காதே. அப்புறம்," குரலைக் கொஞ்சம் தாழ்த்தினான், ஆனால் திரை வரைக்கும் கேட்கிற அளவுக்கு, "பொம்பளைங்க சத்தம் வெளியே கேக்கக்கூடாது."

கார் போனதும் சௌக்கத் அலி உள்ளே வந்தான். முகம் பெருநாள் பிறை பார்த்தவன் முகம் மாதிரி இருந்தது.

"பாத்தியா சாபிரா? அண்ணன் நம்ம கடைக்கு வர்றாரு."

"ஆறு வருசமா நம்ம ஐஸு அவருக்கு நாறிச்சு," என்றாள் சாபிரா, சுற்றுகிற கையை நிறுத்தாமல். "வெள்ளக்காரன் எட்டிப் பாத்தவுடனே மணக்குதா?"

"இன்னா இருந்தாலும் ரத்தம். உட்டுப் பூடுமா?"

"அவரு மண்டில ரத்தத்தையெல்லாம் கழுவிட்டுத்தான் தோல விக்கிறாரு."

சௌக்கத் அலி சுண்ணாம்பு வாங்கப் போய்விட்டான்.

சாபிராவுக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்ததுதான் இதில் வேடிக்கை. மறுநாள் மட்டையைப் பிடித்து வெள்ளையடித்தது யார் என்றால் அவள்தான். புருஷன் அடித்தால் திட்டுத் திட்டாகப் போகும், அந்த ஆள் அதற்கும் ஒரு சொல் சொல்வான் என்று. அவன் சொல்லுக்கு நான் எதற்குப் பயப்படணும் என்று முணுமுணுத்துக்கொண்டே ஒரு சுவர் விடாமல் அடித்து முடித்தாள். பாலையும் வழக்கத்தைவிடச் சுண்டக் காய்ச்சினாள். ஆனால் பெஞ்சை மட்டும் எடுக்க விடவில்லை. "அது கடையோட சாமான். வெளிய கீறது வெளியவே கெடக்கட்டும்" என்றுவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கார் வந்து நின்றபோது, வாரா வாரம் வருகிற கிருஷ்ணப்பன் அந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். ஹார்பரில் கிரேன் ஓட்டுகிறவன், வாட்டசாட்டமான ஆள். தாவூது இறங்கியதும் இறங்காததுமாக அவனைப் பார்த்து, "இன்னிக்கு கடை இல்லப்பா, போ, போ" என்று கோழியை விரட்டுகிற மாதிரி கையை வீசினான். கிருஷ்ணப்பன் கடைக்குள் நின்ற சௌக்கத் அலியைப் பார்த்தான். சௌக்கத் அலி தலையைக் குனிந்துகொண்டான். கிருஷ்ணப்பன் எழுந்து எதிர்ச்சாரிக்குப் போய், சுவரில் சாய்ந்து பீடி பற்றவைத்தான்.

இத்தாலிக்காரர் பெருத்த ஆள். வேர்வையில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. உள்ளே வந்ததும் சௌக்கத் அலி கையைக் கட்டிக்கொண்டு, இத்தாலி மொழியில் மாலை வணக்கமாக, "புவோனா சேரா, சின்யோரே" என்றான். அவ்வளவுதான், அந்த மனிதர் இரண்டு கையாலும் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு படபடவென்று பொரிந்து தள்ளினார். சௌக்கத் அலி கையிலிருந்த பத்து வார்த்தையையும் கொடுத்துத் தீர்த்துவிட்டு, மேலே போக வழியில்லாமல் தலையை ஆட்டினான். பிறகு பேச்சு இங்கிலீஷுக்கு மாறியது. அதைத் தாவூது தன் கையில் எடுத்துக்கொண்டான்.

திரைக்குப் பின்னால் சாபிராவும் சபீஹாவும் நின்றிருந்தார்கள். சாபிராவுக்கு இங்கிலீஷ் தெரியாது. சபீஹா அவள் காதோரம் சொல்லிக்கொண்டே வந்தாள்.

"சூடு ஜாஸ்தின்னு பேசிக்கினு கீறாங்க அண்ணி... இப்ப இந்தக் கடையப் பத்தி..." சட்டென்று நிறுத்தினாள்.

"இன்னாடி?"

"'இது என்னோட கடை'ன்றாரு."

"யாரு?"

"பெரியண்ணன்தான். 'ஒரு ஆசைக்கு நடத்துறேன், சின்னக் கடை. இவன் என்கிட்ட வேல செய்யறவன். நல்ல பையன், சொன்னதக் கேட்டுகினு இருப்பான்'னு சொல்றாரு."

நாற்பத்திரண்டு வயதுப் பையன் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தான். முகாமில் ஐந்து வருஷம் வெள்ளைக்காரச் சார்ஜெண்டுகளோடு பழகியவன். இந்த அளவு இங்கிலீஷ் அவனுக்கு அத்துப்படி. சாபிரா திரையிடுக்கு வழியாக அவன் முகத்தையே பார்த்தாள். சிரிப்பு அப்படியே இருந்தது. ஓரத்தில் கொஞ்சம் இழுத்துக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். தாவூது சொன்ன பொய்யைவிட அந்தச் சிரிப்புதான் அவளுக்குத் தாங்கவில்லை. பொய் சொல்கிறவன் எப்போதும் சொல்கிறவன்தான். இந்த மனுஷனுக்கு என்ன வந்தது? தன் கடையைத் தன் கண்ணெதிரே ஒருத்தன் தூக்கிக்கொண்டு போகிறான், இவன் அவனுக்குச் சுமைகூட ஏற்றிவிடுவான் போலிருக்கிறதே!

சௌக்கத் அலி இரண்டு கிண்ணங்களைக் கொண்டுபோய் வைத்தான். இத்தாலிக்காரர் ஒரு பெரிய கரண்டியாக அள்ளி வாயில் போட்டார். மறு நிமிஷம் கண்ணை இறுக மூடிக்கொண்டார். முகம் கோணியது. கரண்டி மேஜையில் விழுந்தது. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஏதோ முனகினார்.

தாவூதின் கையிலிருந்த கிண்ணம் வாய்க்குப் போகாமல் அந்தரத்தில் நின்றது. அவன் முகத்திலிருந்த பவிசெல்லாம் ஒரு நொடியில் வடிந்தது.

"டேய்! இன்னாடா போட்டுத் தொலச்ச இதுல?" மண்ணடி மாடி வீட்டுத் தமிழ் எங்கேயோ பறந்துபோய், பிறந்த ஊர்த் தமிழ் வந்துவிட்டது. உடனே துரை பக்கம் திரும்பி இங்கிலீஷில் அடுக்க ஆரம்பித்தான். சபீஹாவுக்குத் தொடர்ந்து சொல்ல மூச்சு முட்டியது.

"'இது என் கடையே இல்ல'ன்றாரு அண்ணி! 'இவன் தூரத்துச் சொந்தம். பாவப்பட்டவன், கெஞ்சுனான்னு இட்டாந்தேன். இதுங்களுக்கு சுத்தபத்தம் கெடையாது. எல்லாம் கலீஜ். மீனு மேல கொட்டுற ஐஸத்தான் அள்ளிப் போடுவானுங்க. மன்னிச்சிக்குங்க, நான் அப்பவே வாணாம்னு நெனச்சேன்...'"

சௌக்கத் அலியின் சிரிப்பு இப்போதுதான் மறைந்தது.

இத்தாலிக்காரர் ஒரு கையை ஆட்டி ஆட்டி இல்லை, இல்லை என்றார். வாயைப் பெரிதாகத் திறந்து கடைவாய்ப் பக்கம் விரலால் காட்டினார். அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. ஓட்டைப் பல், சில்லென்று ஏறிவிட்டது. இரண்டு தடவை கன்னத்தைத் தேய்த்துக்கொண்டு கரண்டியைத் திரும்ப எடுத்தார். மறுபக்கத்து வாயால் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட்டு, கிண்ணத்தை வழித்து, இன்னொன்று என்று விரலைத் தூக்கினார்.

தாவூது ஹஹ்ஹா என்று பெரிதாகச் சிரித்தான். துரையின் முழங்கையைத் தட்டினான்.

"இப்ப இன்னா சொல்றான்?" என்றாள் சாபிரா. மச்சான் என்கிற மரியாதை வாயிலிருந்தும் போய்விட்டதை இருவருமே கவனிக்கவில்லை.

"'சும்மா தமாசு பண்ணேன். எங்க கடைல நாங்க எப்பவும் இப்பிடித்தான் வெளையாடுவோம்'..." சபீஹா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள்.

"சௌக்கத்து! துரைக்கு இன்னொரு கப்பு! எனக்கும் புதுசா ஒண்ணு கொண்டா, இது கரைஞ்சுபோச்சு!"

சௌக்கத் அலி உள்ளே வந்தான். மனைவி முகத்தைப் பார்க்கவில்லை. கிண்ணங்களை எடுத்து, தொட்டியின் மூடியைத் திறந்தான். உள்ளே ஐஸ்கிரீம் டப்பாவைச் சுற்றி ஐஸும் உப்புமாகக் கரைந்து நின்ற தண்ணீரைக் காட்டி சபீஹா கிசுகிசுத்தாள்: "அண்ணி, அந்த ஆளு கப்புல இதுல ஒரே ஒரு கரண்டி. ஆயுசுக்கும் மறக்கமாட்டாரு."

"சீ, எண்ணூர் உப்பளத்து வெயில்ல வெந்து வார்ற உப்புடி அது," என்றாள் சாபிரா. "இந்த ஆளுக்கு அத்த வேற வீணாக்கணுமா?"

புருஷன் கையிலிருந்த கரண்டியை வாங்கினாள். ஒரே ஒரு கிண்ணத்தை நிரப்பினாள். இன்னொன்றைக் கவிழ்த்து வைத்தாள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, சௌக்கத் அலி "ஏய், ஏய்" என்பதற்குள் திரையை விலக்கி வெளியே போனாள்.

கிண்ணத்தை இத்தாலிக்காரர் முன்னால் வைத்தாள். தாவூது அரண்டு போய் நிமிர்ந்தான்.

"சாபிரா! இன்னா இது? உள்ள போ!"

அவள் அவன் முன்னாலிருந்த பழைய கிண்ணத்தை எடுத்தாள். நேரே வாசலுக்குப் போய், உள்ளே இருந்ததைச் சாக்கடையில் கொட்டினாள். எதிர்ச்சாரியில் கிருஷ்ணப்பன் பீடியை வாயிலிருந்து எடுத்துவிட்டுப் பார்த்தான்.

"மச்சான், எங்க ஐஸு கலீஜுன்னு சொன்னீங்களாம்," என்றாள் திரும்பி வந்து. குரலை உயர்த்தவில்லை. "பெரிய மனுசங்க, கலீஜத் துன்னா ஒடம்புக்கு ஆவாது. வுட்டுருங்க."

"நான் எங்கடி சொன்னேன்? உனக்கு இன்னா இங்கிலீஷ் தெரியும்?"

"எனக்குத் தெரியாது. நீங்க ஒரு சொல்லுல கல்யாணத்தக் கலச்சுவுட்டீங்களே, அந்தப் பொண்ணுக்குத் தெரியும். அது இங்கிலீஷ் டீச்சரு."

திரை அசைந்தது. தாவூதுக்கு வேர்த்தது. "சௌக்கத்து! உன் பொண்டாட்டி ஒரு அன்னிய ஆம்பளை முன்னால இந்த மாதிரி நிக்கிறா, பாத்துகினு கீறியே! நீ ஒரு ஆம்பளையா?"

சாபிரா திரும்பிப் பார்க்கவில்லை. புருஷன் வந்து தன்னை உள்ளே போகச் சொல்வான், அண்ணனிடம் மன்னிப்புக் கேட்பான், அதற்கும் தயாராகத்தான் நின்றாள்.

இத்தாலிக்காரர் நிலைமை புரியாமல், என்ன விஷயம் என்று கேட்டார். சௌக்கத் அலி திரையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். தொண்டையைச் செருமிக்கொண்டு, மெதுவான குரலில், ஏதோ தப்புச் செய்தவன் ஒப்புக்கொள்கிற மாதிரி, இங்கிலீஷில் இரண்டு வாக்கியம் சொன்னான். சபீஹா உள்ளேயிருந்து உரக்கவே மொழிபெயர்த்தாள்.

"'இது என் கடை சார். இவங்க என் சம்சாரம்'ன்றாரு அண்ணி!"

கால் மணி நேரத்துக்கு முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டியதை இப்போது சொல்கிறான் என்றுதான் சாபிராவுக்குத் தோன்றியது. இருந்தாலும் சொன்னான்.

இத்தாலிக்காரர் தாவூதைப் பார்த்தார், சௌக்கத் அலியைப் பார்த்தார், தோளைக் குலுக்கிவிட்டு மறுபடியும் கிண்ணத்தில் குனிந்தார். கடை யாருடையதாக இருந்தால் அவருக்கு என்ன? சாபிராவுக்குக் குனிந்து சலாம் போட்டு நியாயம் பேசுகிற ஆளெல்லாம் இல்லை அவர். சாப்பிட வந்தவர், சாப்பிட்டார். மூன்றாவது கிண்ணமும் கேட்டார்.

தாவூது விருட்டென்று எழுந்து வெளியே போனான். ஆனால் போகமுடியுமா? அழைத்து வந்த துரையைத் திரும்பக் கொண்டுபோய் விடவேண்டுமே. காருக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு, தொப்பியால் விசிறிக்கொண்டே, அந்த மனிதர் பல்லுக்குப் பயந்து துளித் துளியாகச் சாப்பிட்டு முடிக்கும் வரை உட்கார்ந்திருந்தான். தெருப் பிள்ளைகள் கார் கண்ணாடியில் மூக்கை வைத்து அழுத்தி அவனை வேடிக்கை பார்த்தன. கிருஷ்ணப்பன் சாவகாசமாகத் தெருவைத் தாண்டி வந்து பெஞ்சில் உட்கார்ந்தான்.

"தங்கச்சி, இன்னா இன்னிக்கு? எலுமிச்சையா?"

"எலுமிச்சைதான். இதோ எடுத்தாறேன் அண்ணாத்த," என்றாள் சாபிரா.

தாவூது சும்மா இருக்கவில்லை. சௌக்கத் அலியின் பெண்டாட்டி முக்காடில்லாமல் வெள்ளைக்காரன் முன்னால் வந்து நின்று கூத்தடித்தாள் என்று மண்ணடியிலிருந்து தண்டையார்பேட்டை வரைக்கும் சொல்லிவைத்தான். சொந்தக்காரப் பெண்கள் சிலர் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். இன்னும் சிலர் அந்தக் கதையை நேரில் கேட்கவென்றே வந்து, இரண்டு கிண்ணம் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். சௌக்கத் அலிக்குத்தான் மனசு ஆறவில்லை. "அண்ணன் ரொம்பக் கோவமா கீறாராம். ஒரு நடை போயிப் பாத்துட்டு வரட்டுமா?" என்று அடிக்கடி கேட்பான். "போங்களேன். பூட்ஸு தொடைக்க ஆள் இல்லாம தவிச்சுகினு கீறாராம்" என்பாள் சாபிரா. அதோடு அவன் கைப்பிடியைச் சுற்றப் போய்விடுவான். கடையைத் தன்னுடையது என்று சொன்ன அந்த இரண்டு வாக்கியத்துக்கு மேல் அவனிடமிருந்து எதையும் அவள் எதிர்பார்க்கவில்லை.

மறு வருஷம் தாவூதின் மகளுக்கு நிக்காஹ். சௌக்கத் அலிக்கு மட்டும் ஆள் மூலம் சொல்லியனுப்பினான். பெண்டுகளைப் பற்றிப் பேச்சில்லை. சௌக்கத் அலி சலவைச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டதைச் சாபிரா தடுக்கவில்லை. சபீஹாதான், "போ, போய்க் கடைசிப் பந்தில குந்தி துன்னுட்டு வா" என்றாள்.

பொழுது சாய்வதற்குள்ளேயே சௌக்கத் அலி திரும்பி வந்தான். செருப்பைக் கழற்றும்போதே முகம் ஒரு தினுசாக இருந்தது. அவமானப்படுத்தி அனுப்பியிருப்பார்கள் என்று சாபிரா நினைத்தாள்.

"இன்னா ஆச்சு?"

"பிரியாணி நல்லாத்தான் இருந்துச்சு," என்றான். "கடசீல ஐஸ்கிரீம் போட்டாங்க. மவுண்ட் ரோட்டுலேர்ந்து, வேன்ல வந்துச்சாம். மாப்பிள்ளை வூட்டுக்காரங்க வர்றதுக்கு லேட்டு. எல்லாம் பாலாப் பூடுச்சு. கிண்ணத்த எடுத்து அப்பிடியே குடிக்க வேண்டியதுதான்."

"அப்புறம்?"

சௌக்கத் அலி எழுந்து நின்றான். வயிற்றை முன்னால் தள்ளி, சாக்கடையைத் தாண்டுகிறவன் மாதிரி காலைத் தூக்கித் தூக்கி வைத்து, சமையலறைக்கும் திரைக்கும் நடுவில் நடந்தான். கையில் இல்லாத கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டான். தாவூதின் மண்ணடித் தமிழ் அப்படியே அவன் வாயிலிருந்து வந்தது.

"'தயங்காம குடிங்க சம்மந்தி! இது புது மாதிரி. சீமையில இப்பல்லாம் யாரும் கரண்டியால சாப்பிடறதில்ல, குடிக்கத்தான் செய்யறாங்க. நம்ம வீட்டுல தினமும் இப்படித்தான்!'"

சபீஹா 'ஓ'வென்று சிரித்தாள். சாபிரா புருஷனையே பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இந்த மனுஷன் ஒருத்தனைப் பற்றி ஏளனமாக ஒரு வார்த்தை பேசி அவள் கேட்டதில்லை.

"இன்னொரு தபா நடந்து காட்டுங்க," என்றாள்.